வாசிக்க முடியாத மீற்றருக்கு ஏன் காசு?

வீட்டில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து விமானம் ஓட்டுகிற ஆக்கள் எங்களுக்குள்ளே கனபேர் இருக்கிறார்கள். மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், பிளைட்கியர் என்று ஆளுக்கொன்று. சிலருக்கு அது பின்னேரப் பொழுதுபோக்கு. சிலருக்கு, ஒருநாள் உண்மையாகவே விமானியாக வேணும் என்ற ஆசையின் முதல் படி. பயிற்சிப் பள்ளியில் ஒரு மணித்தியாலம் பறக்கிற காசை நினைத்தாலே தலை சுற்றுகிற வீடுகளில், அந்த ஆசைக்குக் கிடைத்திருக்கிற ஒரே ஓடுபாதை ஒரு பழைய லப்டொப்தான்.

இவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேருவார்கள். சிமுலேட்டரோடு வந்த விமானங்கள் அலுத்துப்போய்விட்டன. தனியாக விற்கிற அட்-ஓன் விமானங்களில் எதை வாங்குகிறது?

விளம்பரப் படங்களைப் பார்த்தால் எல்லாம் வடிவாய்த்தான் இருக்கும். சிறகிலே ஆணி ஆணியாக எண்ணலாம். இருக்கையின் தோலில் தையல் தெரியும். சத்தத்தை அசல் இயந்திரத்திலேயே பதிவுசெய்தோம் என்பார்கள். நாங்கள் சொல்ல வருவது வேறு. ஒரு அட்-ஓன் விமானத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதன் பனல். அதிலும் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டு ஸ்கிரீனில், விமானியின் இருக்கையில் இருந்தபடியே, சூம் பண்ணாமல், அந்த மீற்றர்களை வாசிக்க முடிகிறதா? இதற்குப் பதில் ‘இல்லை’ என்றால் மிச்சம் எதையும் பார்க்கத் தேவையில்லை.

இதைச் சொன்னால் சிரிக்கிற ஆக்கள் இருக்கினம். “உது ஒரு விசயமே? சூம் பண்ணிப் பாத்தால் தெரியும்தானே மச்சான்!” அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அட்-ஓன்கள் டொலரில் விற்கப்படுகின்றன. 50 டொலர் விமானம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கோ. 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றபோது அது 10,000 ரூபா. அதே ஆண்டு மே மாதம் டொலர் 350ஐத் தாண்டியபோது அதே விமானம் 17,500 ரூபாவுக்கும் மேலே. 300 ரூபாப்படி பார்த்தாலும் 15,000. அதுவும் அண்ணாவினுடைய அல்லது மாமாவினுடைய கார்ட்டைக் கேட்டு வாங்கித்தான் கட்டவேணும். தரவிறக்கிய பிறகு ‘பிடிக்கேல்லை’ என்று திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இப்படி வாங்கின விமானத்தில் உயரமானியின் இலக்கம் தெரியவில்லை என்றால், அது எங்களுக்குச் சின்ன விசயமே இல்லை.

ஒரு கணக்கு

ஏன் தெரிவதில்லை? வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்பது காரணமில்லை. பல இடங்களில் அவர்கள் அசலை அப்படியே, அளவு பிசகாமல் செய்திருப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சின்ன விமானங்களில் பொதுவாக இருக்கிற வட்ட மீற்றருக்கு பனலில் வெட்டுகிற துளை மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 8 செ.மீ. என்று வைப்போம். விமானியின் கண்ணுக்கும் பனலுக்கும் இடையில் 70 செ.மீ. தூரம் என்று எடுப்போம். சிமுலேட்டர் உங்கள் ஸ்கிரீனில் 80 பாகை அகலமான காட்சியைக் காட்டுகிறது என்றால், 70 செ.மீ. தூரத்தில் அது கிட்டத்தட்ட 117 செ.மீ. அகலம். அவ்வளவையும் உங்கள் லப்டொப்பின் அகலத்துக்குள் அடைத்துத் தரவேணும்.

லப்டொப் 1366×768 பிக்சல் வகை என்றால், பனலின் ஒரு செ.மீ.க்குக் கிடைப்பது 12 பிக்சல்கூட இல்லை. 8 செ.மீ. மீற்றர் முழுவதும் 93 பிக்சலுக்குள் வந்துவிடும். 1920×1080 ஸ்கிரீன் என்றால் செ.மீ.க்கு 16 பிக்சல், மீற்றருக்கு 130.

இப்போது கண்ணைப் பாருங்கோ. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவான இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். 70 செ.மீ. தூரத்தில் அது 0.2 மி.மீ. அதாவது அசல் கொக்பிட்டில் ஒரு செ.மீ.க்குள் ஏறக்குறைய 50 புள்ளிகளைக் கண் பிரித்தறிகிறது. சிமுலேட்டர் தருவதோ 12 அல்லது 16.

உயரமானியின் முகத்தில் அமுக்கத்தைக் காட்டுகிற ஒரு குட்டி யன்னல் இருக்கும். அதிலுள்ள இலக்கம் 3 மி.மீ. உயரம் என்று வைத்தால், 1366 ஸ்கிரீனில் அதற்குக் கிடைப்பது மூன்றரை பிக்சல். 1920இல் ஐந்து. பழைய டொட்-மெட்ரிக்ஸ் பிரிண்டர்கூட ஒரு இலக்கத்தை எழுத ஏழு புள்ளி உயரம் எடுத்தது. மூன்றரை பிக்சலில் 3, 6, 8 மூன்றும் ஒரே மாதிரியான சாம்பல் நிறப் பொட்டுகள்தான்.

அந்தப் பொட்டின் விலை என்ன? இரத்மலானையில் இருந்து பலாலிக்கு வருகிறீர்கள். அமுக்கம் 1003 ஹெக்டோபஸ்கால் என்று தருகிறார்கள். யன்னலில் 1008 நிற்கிறது. பொட்டுத்தானே தெரிகிறது, உங்களுக்கு அது 1003 மாதிரித்தான் இருக்கும். கடல்மட்டத்துக்குக் கிட்ட ஒரு ஹெக்டோபஸ்கால் ஏறக்குறைய 27 அடி. ஐந்து என்றால் 135 அடி. மீற்றர் 500 அடி காட்டும்போது நீங்கள் நிற்பது 365 அடியில். பலாலியின் வடக்கே கடல். மேகமூட்டமான நாளில் கடலுக்கு மேலால் இறங்கினால் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, அசலை அளவு பிசகாமல் செய்த பனல், ஸ்கிரீனில் அசலைவிட மோசமாகத்தான் தெரியும். படம் உண்மையாக இருந்தாலும் பார்வை பொய்யாகிவிடுகிறது. அசல் விமானிக்கு ஒரு கணத்தில் கிடைக்கிற தகவல் எங்களுக்கும் ஒரு கணத்தில் கிடைத்தால்தான் அதை மெய்யான அனுபவம் என்று நாங்கள் சொல்லுவோம். அதற்காக இலக்கத்தைக் கொஞ்சம் பெருப்பித்து, ஊசியைக் கொஞ்சம் தடிப்பித்து, கோட்டின் வெள்ளையைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற வடிவமைப்பாளரை ‘ஏமாத்துறார்’ என்று சொல்லக்கூடாது. அவர் எங்கள் ஸ்கிரீனை நினைத்து வேலை செய்திருக்கிறார்.

‘உனக்குப் பழக்கம் போதாது’

புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் மீற்றரை வாசிக்கத் திணறும்போது கேட்கிற பதில் இது. “இன்னும் கொஞ்சம் பழகு, சரிவரும்.” சில பிள்ளைகள் ‘எங்களுக்கு உது சரிவராது’ என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி போட்ட பிள்ளைகள் இன்னும் கெதியாக விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

ஏனென்றால் இந்த வழக்கு ஏற்கெனவே விசாரிக்கப்பட்ட ஒன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடத்தில் போல் பிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கருவிகளைப் பிழையாக வாசித்த 270 அனுபவங்களை விமானிகளிடம் கேட்டுத் திரட்டினார்கள். அறிக்கை 1947இல் வந்தது. அதுவரை இவற்றுக்கெல்லாம் ‘விமானியின் பிழை’ என்று ஒரே பெயர்தான். அவர்கள் கண்டது வேறு. ஒரே மாதிரிப் பிழையைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு ஆக்கள் செய்திருந்தார்கள், அதுவும் அனுபவமுள்ள விமானிகள். அதில் பெரிய பங்கு, பல சுற்றுச் சுற்றுகிற ஊசிகள் உள்ள மீற்றர்களில் நடந்தது. மூன்று ஊசி உயரமானியை ஆயிரம் அடி பிசகி வாசிப்பது அதில் முக்கியமானது. பிழை ஆளில் இல்லை, மீற்றர் வரையப்பட்ட விதத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பாடம். அதற்குப் பிறகுதான் கருவி முகங்களை மனிதக் கண்ணுக்கு ஏற்றமாதிரி வரைய வேணும் என்பது ஒரு துறையாகவே வளர்ந்தது.

போர்க்கால விமானிகளுக்கே பொருந்தின நியாயம், சாவகச்சேரியில் ஒரு லப்டொப்பின் முன்னால் இருக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாதா?

சூம் பண்ணிப் பார்க்கச் சொல்கிற ஆக்களுக்கும் இங்கேதான் பதில். கருவிகளை நம்பிப் பறக்கிற விமானியின் கண் ஒரு இடத்தில் நிற்பதில்லை. விமானம் சரிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று காட்டுகிற கருவியில் தொடங்கி, வேகம், திரும்ப நடுவுக்கு, உயரம், திரும்ப நடுவுக்கு, திசை என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பயிற்சியில் முதலில் பழக்குவது இந்தக் கண்ணோட்டத்தைத்தான். சூம் பண்ணினால் ஒரு மீற்றர் தெரியும், மற்ற ஐந்தும் மறைந்துவிடும். திரும்பிப் பின்னுக்கு வருவதற்குள் விமானம் சரிந்திருக்கும். சூம் பண்ணிப் பண்ணி ஓட்டுகிற பிள்ளை, அசல் கொக்பிட்டில் கைவிடவேண்டிய ஒரு பழக்கத்தைத்தான் காசு கொடுத்துப் பழகுகிறது.

ஊசியா, திரையா?

இனி வாங்குகிற கதைக்கு வருவோம். கனபேர் நினைப்பது, புதிய திரைகள் உள்ள கொக்பிட்தான் தெளிவாக இருக்கும் என்று. சின்ன ஸ்கிரீனில் நிலைமை பெரும்பாலும் மறுவளம்.

கார்மின் ஜி1000 என்பது இன்றைய சின்ன விமானங்கள் பலவற்றில் இருக்கிற திரைத் தொகுதி. அதன் ஒரு திரை 10.4 அங்குலம், 1024×768 பிக்சல். மேலே போட்ட கணக்கின்படி பார்த்தால், இருக்கைப் பார்வையில் அது 1366 ஸ்கிரீனில் 245 பிக்சல் அகலத்துக்குள்ளும், 1920 ஸ்கிரீனில் 345 பிக்சல் அகலத்துக்குள்ளும் வந்து நிற்கும். நாலு பிக்சலை ஒன்றாக்கி அல்லது மூன்றை ஒன்றாக்கிக் காட்டவேணும். அந்தத் திரை தகவலைச் சொல்வது இலக்கமாகவும் எழுத்தாகவும். எழுத்தைச் சுருக்கினால் முதலில் சாவது எழுத்துத்தான்.

ஊசி மீற்றர் அப்படியில்லை. அது கோணத்தால் பேசுகிறது. 93 பிக்சல் உயரமானியில்கூட, ஒரு நூறு அடிக்கும் அடுத்த நூறு அடிக்கும் இடையில் விளிம்பில் 25 பிக்சல் இடைவெளி இருக்கும். ஊசி எங்கே நிற்கிறது என்று இலக்கத்தைப் பார்க்காமலே சொல்லலாம். வேகமானியில் நிற வில்லுகள் வேறு இருக்கின்றன. செஸ்னா 172எஸ் விமானத்தில் வெள்ளை வில் 40இல் இருந்து 85 நொட் வரை, அதற்குள்தான் பிளப்பை முழுதாக இறக்கலாம். பச்சை 48இல் இருந்து 129 வரை. மஞ்சள் 163 வரை, 163இல் சிவப்புக் கோடு. ஊசி வெள்ளைக்குள் நிற்கிறதா இல்லையா என்று பார்க்க இலக்கம் தேவையே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நிறங்களைப் ‘பழசு மாதிரி’ காட்டவேணும் என்று மங்கலாக்கியிருக்கக் கூடாது.

ஆக, ஒரே ஒரு சின்ன ஸ்கிரீன்தான் இருக்கிறது என்றால், ஊசி மீற்றர் உள்ள விமானத்தைத் தேடுங்கோ. மைக்ரோசொப்டின் 2020 பதிப்பில் அடிப்படைப் பொதியோடு வருகிற செஸ்னா 152 அப்படியானதுதான். அதே பதிப்பில் அடிப்படைப் பொதியின் 172 ஜி1000 திரையுள்ளது. ஊசி மீற்றர் 172 டீலக்ஸ் பொதியில்தான் வந்தது. எக்ஸ்-பிளேனில் 172இன் இரண்டு வகையும் சேர்ந்தே வருகின்றன. பிளைட்கியர் முழுக்க இலவசம், அதன் செஸ்னா 172பி பழைய ஊசிப் பனலோடு இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற பக்கம், பிளக் ஸ்குவேர் என்ற தயாரிப்பாளர் கரவன், கிங் எயார் போன்ற விமானங்களின் திரைப் பனலைக் கழற்றி ஊசிப் பனல் பூட்டித் தந்தது இந்தத் தேவை இருக்கிற ஆக்கள் நிறைய என்பதற்கு ஒரு சாட்சி.

இரண்டாவது ஸ்கிரீன் ஒன்று இருந்தால் கதை மாறும். மைக்ரோசொப்ட் சிமுலேட்டரில் வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு விமானத்தின் திரையில் கிளிக் பண்ணினால், அது தனி யன்னலாக வெளியே வரும். அதை இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய மொனிட்டரிலோ, ஸ்பேஸ்டெஸ்க் மாதிரி ஒரு செயலியால் இரண்டாவது ஸ்கிரீனாக்கிய பழைய டப்லெட்டிலோ வைக்கலாம். அப்போது ஜி1000 திரை ஊசி மீற்றரைவிடத் தெளிவு. ஊசி மீற்றரை அப்படி வெளியே எடுக்க அங்கே வழியில்லை. எயார்பஸ், போயிங் ஓட்ட ஆசைப்படுகிற ஆக்களுக்கு இது முக்கியம். பிளைபைவயர் குழுவின் ஏ320, எக்ஸ்-பிளேனில் ஸிபோவின் 737 இரண்டும் இலவசம். இரண்டையும் முதலில் உங்கள் ஸ்கிரீனில் ஓட்டிப் பாருங்கோ. அந்தத் திரைகளை வாசிக்க முடியவில்லை என்றால், அதைவிட விலைகூடின ஏ320ஐ வாங்கினாலும் உங்கள் ஸ்கிரீன் மாறப்போவதில்லை.

வாங்க முதல் ஐந்து நிமிசம்

நாங்கள் ஒரு விமானத்தை எடைபோடுகிற முறையைச் சொல்கிறோம். நீங்களும் செய்து பார்க்கலாம்.

விளம்பரப் படத்தை விடுங்கோ. அது 4கே ஸ்கிரீனில், மீற்றருக்குக் கிட்டப்போய் எடுத்தது. விமானி இருக்கையில் இருந்து, சூம் இல்லாமல், முன் கண்ணாடியும் தெரிகிற மாதிரி எடுத்த படம் ஒன்றைத் தேடுங்கோ. அதை உங்கள் ஸ்கிரீனில் முழு அளவில் போட்டு, வழமையாக இருக்கிற தூரத்தில் இருங்கோ. வேகம், உயரம், திசை, ஏறுகிற இறங்குகிற வீதம். நாலையும் ஐந்து செக்கனுக்குள் வாசிக்க முடியவேணும். அதன் பிறகு அமுக்க யன்னலைப் பாருங்கோ. முடியவில்லை என்றால் அடுத்த விமானத்துக்குப் போங்கோ. வீடியோவை மட்டும் நம்பவேண்டாம். வீடியோ சுருக்கப்பட்டுத்தான் வருகிறது, நல்ல பனலையும் மங்கலாகக் காட்டிவிடும்.

இரண்டாவது, இரவுப் படம். பகலில் பளிச்சென்று தெரிகிற பனல் இரவில் ஒரே செம்மஞ்சள் வெளிச்சத்தில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். மீற்றர் வெளிச்சமும் பனல் வெளிச்சமும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கோ.

மூன்றாவது, கண்ணாடியில் தெரிகிற வெளிச்சம், தூசி, கீறல். இவை படத்துக்கு அழகு, வாசிப்புக்கு எதிரி. இவற்றைக் குறைக்க அல்லது நிற்பாட்ட விமானத்துக்குள்ளேயே ஒரு தெரிவு இருந்தால் நல்லது.

நாலாவது, கூடவே வருகிற பார்வைகள். நல்ல தயாரிப்பில் ‘மீற்றர்ப் பார்வை’, ‘ரேடியோப் பார்வை’ என்று முன்கூட்டியே வைத்திருப்பார்கள். ஒரு விசையில் போய் ஒரு விசையில் வரலாம். இல்லாவிட்டாலும் மைக்ரோசொப்ட் சிமுலேட்டரில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு ஒரு இலக்கத்தை அழுத்தி உங்கள் பார்வையைச் சேமிக்கலாம், ஆல்ட்டோடு அதே இலக்கத்தை அழுத்தித் திரும்ப எடுக்கலாம். ஆறு மீற்றரும் கீழே, முன் கண்ணாடியின் ஒரு கீற்று மேலே தெரிகிற மாதிரி ஒன்றைச் சேமித்து வையுங்கோ. சூமுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இதில் ஆறும் ஒன்றாக நிற்கும்.

கடைசியாக, உங்கள் மெசினின் பலம். பனல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊசி விட்டுவிட்டுத் துள்ளினால் வாசிக்க ஏலாது.

அமைப்பிலே இழக்கவேண்டாம்

நல்ல பனலை வாங்கிப்போட்டு அமைப்பிலே அதைக் கெடுக்கிறதும் நடக்கிறது. வேகம் போதவில்லை என்றதும் கனபேர் முதலில் கைவைப்பது படத்தின் உள் அளவில். 100 வீதத்தில் இருந்து 70க்குக் குறைத்தால் மெசின் மூச்சுவிடும்தான், ஆனால் முதலில் கரைவது மீற்றர் இலக்கங்கள். மேகம், வாகனப் போக்குவரத்து, தூரத்து மரங்கள், நிழல் இவற்றை முதலில் குறையுங்கோ. மரம் குறைந்தால் விமானம் விழாது. டிஎல்எஸ்எஸ் மாதிரியான முறைகளும் அப்படித்தான். வேகம் தரும், பதிலுக்குத் திரைகளில் மாறுகிற இலக்கங்களின் பின்னால் ஒரு நிழலை இழுக்கும்.

இன்னும் 2006ஆம் ஆண்டின் எஃப்எஸ்எக்ஸ் ஓட்டுகிற ஆக்கள் எங்களுக்குள் இருக்கினம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் அமைப்புக் கோப்பில் டெக்ஸ்சர் அளவின் உச்சவரம்பு 1024 என்று இருக்கும். அதை 2048 அல்லது 4096 ஆக்காவிட்டால், உயர்தெளிவான விமானத்தைப் போட்டாலும் குறைத்துத்தான் காட்டும். அதோடு அந்தக் காலத்தில் 2டி பனல் என்று ஒன்று இருந்தது. ஸ்கிரீனின் கீழ்ப் பாதியில் தட்டையாக வரைந்த மீற்றர்கள். பார்க்க அழகில்லை. ஆனால் ஸ்கிரீனுக்கு என்றே வரைந்ததால் ஒவ்வொரு இலக்கமும் தெரிந்தது. மைக்ரோசொப்டின் 2020 பதிப்பில் அது இல்லை. முப்பரிமாண அழகுக்காக அதை முழுதாகக் கைவிட்டது எங்களைப் பொறுத்தவரை ஒரு இழப்புத்தான்.

எதிர்ப்பக்கத்து நியாயம்

இரண்டு மறுப்புகளை நாங்கள் மதிக்கிறோம்.

ஒன்று, “அசல் விமானத்திலையும் பனல் தேய்ஞ்சு, பெயின்ற் கழண்டுதானே இருக்கும்?” சரி. மீற்றரைச் சுற்றிய பெயின்ற் கழன்றிருக்கலாம், கைபடுகிற இடம் மினுங்கலாம். மீற்றரின் முகம் வாசிக்க முடியாமல் போனால் அதைக் கழற்றித் திருத்துவார்கள் அல்லது மாற்றுவார்கள். தேய்மானத்தைப் பனலின் ஓரத்தில் காட்டட்டும், இலக்கத்தின் மேலே வேண்டாம்.

மற்றது, “4கே மொனிட்டரோ விஆர் கண்ணாடியோ வாங்கினால் முடிஞ்சுது.” 4கே உண்மையிலேயே உதவும். ஆனால் அதை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்ட்டின் விலையையும் சேர்த்துக் கேளுங்கோ. விஆரில் குனிந்து கிட்டப்போய்ப் பார்க்கலாம், அது இயல்பான அசைவு, அது நல்லது. ஆனாலும் மெட்டா குவெஸ்ட் 3 தருவது ஒரு பாகைக்கு 25 பிக்சல். கண் கேட்பது 60. அங்கேயும் தெளிவாக வரைந்த பனல்தான் கைகொடுக்கும். வசதியுள்ள ஆக்களுக்கு நல்லது, வசதியில்லாத ஆக்களுக்குக் கட்டாயம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கத்தில் இருந்து

தமிழில் சிமுலேட்டர் விமானங்களைப் பற்றி எழுதுகிற, வீடியோ போடுகிற இளம் ஆக்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அது சந்தோசம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய கார்ட், பெரிய ஸ்கிரீனில் எடுத்த படங்களோடு, ஒரு 1920×1080 படமும் போடுங்கோ. விமானி இருக்கையில் இருந்து, சூம் இல்லாமல், பகலில் ஒன்று, இரவில் ஒன்று. உங்களுக்கு ஐந்து நிமிச வேலை. வாசிக்கிற பிள்ளைக்கு 15,000 ரூபாவை எங்கே போடுவது என்று தீர்மானிக்க அதுதான் உதவும்.

நாங்களும் இனி எந்த அட்-ஓனைப் பற்றி எழுதினாலும் அந்த இரண்டு படங்களையும் முதலில் போடுவோம். சிறகின் ஆணிகளைப் பற்றிக் கடைசிப் பந்தியில் கதைக்கலாம். தயாரிப்பாளர்களுக்கும் எழுதுங்கோ. ‘உங்கள் விமானத்தின் இருக்கைப் பார்வைப் படம் ஒன்று 1080இல் தாருங்கள்’ என்று இரண்டு வரி போதும். படம் தராத தயாரிப்பாளரின் விமானத்தை வாங்காமல் விட எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதற்குள் கையில் காசு இல்லாத ஆக்கள் காத்திருக்கத் தேவையில்லை. பிளைட்கியரைத் தரவிறக்குங்கோ. 172பியில் ஏறுங்கோ. ஆறு மீற்றரும் தெரிகிற பார்வை ஒன்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, உயரம் 100 அடிகூடப் பிசகாமல் பத்து நிமிசம் நேராகப் பறந்து பாருங்கோ. அந்தப் பத்து நிமிசத்தில் படிக்கிறது, எந்த விலைகூடின விமானத்தில் ஏறினாலும் உங்களோடே வரும்.